மே மாசம் பீரோ சாவிய வீட்டுக்கு எடுத்துட்டு போங்க டீச்சர்

ஆறு, ஏழு, எட்டாம் கிளாஸ் எடுக்குற டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் சீர்காழி பக்கம் கடலோர கிராமம் ஒன்னுல அரசு நடுநிலைப்பள்ளில தமிழ் எடுக்குறேன். இருபது வருஷத்த நெருங்குது சர்வீஸ். சங்கத்துல எந்த பொறுப்புலயும் இல்ல, பயிற்சி குடுக்குற கருத்தாளரும் இல்ல, உங்கள மாதிரியே காலைல பிரேயருக்கு மணி அடிக்குறதுக்குள்ள ஓடி வந்து நிக்குற ஆளு. பேப்பர் திருத்தி ரிசல்ட் ஷீட்ட ஒப்படைச்சிட்டு எல்லாரும் லீவுக்கு கிளம்புற இந்த நேரத்துல உங்ககிட்ட ஒன்னு கேக்கணும், அதுக்குதான் இந்த மடல்.

இந்த லீவுல நம்ம புள்ளைங்க வயசுக்குனு எழுதுன கதை புத்தகம் ஒரு பத்து படிங்க. உங்க வீட்டு புள்ளைக்கு படிச்சு காட்டுறத சொல்லல. நீங்க படிங்க, முதல் பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும், அட்டைக்கு பின்னால போட்டுருக்குறத மட்டும் பாத்துட்டு வச்சிடாம.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா பதினாறு பதினேழு வருஷமா நான் அத செய்யவே இல்ல.

எங்க ஸ்கூல்ல லைப்ரரினா ஒரு இரும்பு பீரோதான். கைப்பிடி ஒடைஞ்சு போச்சு, காம்பஸ் முனைய விட்டு திருகுனாதான் தெறக்கும். உள்ள எஸ்எஸ்ஏ (அனைவருக்கும் கல்வி இயக்கம்) காலத்துல வந்த புத்தகம், அப்பறம் ஒவ்வொரு திட்டத்துலயும் வந்தது, ஊர்க்காரங்க குடுத்தது எல்லாம் சேத்து நூத்தி எழுபது எண்பது இருக்கும். தெறந்தா அந்துருண்டை வாசம் குப்புனு அடிக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நூலக பீரியட், நான் புத்தகத்த எடுத்து டெஸ்க் மேல பரப்புவேன், புள்ளைங்க ஆளுக்கு ஒன்னு எடுத்துட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடுவாங்க. அடுத்த வாரம் கொண்டு வந்து குடுக்குறப்ப நான் கேப்பேன், படிச்சியா. படிச்சேன் டீச்சர். எப்படி இருந்துச்சு. நல்லா இருந்துச்சு டீச்சர். சரி வேற எடுத்துக்க. இதுதான் எங்க வாசிப்பு, வருஷம் பூரா இதுதான். ரெஜிஸ்டர எடுத்து பாத்தா நெறஞ்சு கெடக்கும், பாக்க வந்தவங்க கூட நல்லா வச்சிருக்கீங்கனு சொல்லிட்டு போயிருக்காங்க.

2023 மே மாசம். வெயில் ஜாஸ்தினு அந்த வருஷம் நமக்கு ஸ்கூல் தெறக்குறதையே ஜூன் 12 வரைக்கும் தள்ளி போட்டாங்களே, ஞாபகம் இருக்கும். ஏப்ரல் கடைசில பீரோவுக்கு கீழ கரையான் ஏறிருக்குனு பாத்துட்டு கொஞ்சம் புத்தகத்த மட்டும் ஒரு கட்டப்பையில அள்ளி வீட்டுக்கு கொண்டு வந்து வெயில்ல காய வச்சேன். காய வச்சத எடுத்து அடுக்குறப்பதான் ஒரு சிறுவர் நாவல் கைக்கு வந்துச்சு, சும்மா பொரட்டுனேன், 33ம் பக்கத்துலேர்ந்து 48ம் பக்கம் வரைக்கும் பிரியல. ஈரத்துல ஒட்டுனது இல்ல. பிரஸ்ல வெட்டாமயே விட்ருக்காங்க, மேல் விளிம்புல தாள் மடிப்பு மடிப்பாவே இருக்கு. அதாவது அந்த புத்தகம் அச்சாகி வந்த நாள்லேர்ந்து அந்த பதினாறு பக்கத்த ஒருத்தரும் முழுசா பாத்ததில்ல. ஸ்கூல் தெறந்ததும் ரெஜிஸ்டர எடுத்து அந்த புத்தகத்துக்கு நேரா எத்தன கையெழுத்துனு எண்ணுனேன். பதினொன்னு. பதினோரு புள்ளைங்க அத வாங்கிட்டு போயி திருப்பி குடுத்து நல்லா இருந்துச்சு டீச்சர்னு சொல்லிருக்காங்க.

புள்ளைங்கள நான் குத்தம் சொல்லவே மாட்டேன். நான் எந்த பதில எதிர்பாத்தேனோ அத சொல்லிட்டு போயிருக்காங்க. நான் படிச்சிருந்தா ஒரே ஒரு கேள்வி கேட்ருப்பேன், அந்த ஆத்தங்கரையில அப்பறம் என்ன ஆச்சுனு, முதல் புள்ளையே மாட்டிருக்கும், டீச்சர் அந்த பக்கம் பிரியலனு சொல்லிருக்கும், நான் ஸ்கேல வச்சு வெட்டி குடுத்துருப்பேன். எல்லாம் ஒரு நிமிஷ வேல. நான் படிக்காததால பதினோரு பேருக்கு அந்த கதை நடுவுலயே அறுந்து போச்சு, அதுல சில பேர் எட்டாவது முடிச்சு டிசி வாங்கிட்டே போயிட்டாங்க.

மே மாசம் அந்த மடிப்ப பாத்த அன்னைக்கு ராத்திரியே எனக்கு தூக்கம் இல்ல. மறுநாள் காலைல சமையல்கட்டு கத்திய வச்சு அந்த மடிப்ப வெட்டுனேன், உக்காந்து அந்த புத்தகத்த படிச்சேன், நூறு பக்கம் கூட இல்ல, ஒன்னர மணி நேரத்துல முடிஞ்சிது. அந்த கட்டப்பையில மொத்தம் இருபத்திமூணு புத்தகம். அந்த மாசம் பூரா அத ஒவ்வொன்னா படிச்சு முடிச்சேன்.

படிக்க ஆரம்பிச்சப்பதான் இந்த வயசு புத்தகம்ங்குறது தனி ரகம்னே புரிஞ்சிது. நம்ம தமிழ்ல சின்ன புள்ளைங்களுக்கு படக்கதை நெறைய இருக்கு, பெரியவங்களுக்கு நாவல் கொட்டி கெடக்கு. நடுவுல பத்து வயசுலேர்ந்து பதிமூணு வயசு வரைக்கும் உள்ள புள்ளைக்கு ரொம்ப நாளா அம்புலிமாமாவும் கோகுலமும் காமிக்ஸும்தான் சோறு போட்டுச்சு, நானும் அதுல வளந்தவதான். இப்ப நெலம அப்படி இல்ல. சிறார் நாவல்னு தனியா எழுதுற ஆட்கள் வந்துட்டாங்க, சாகித்ய அகாடமி 2010லேர்ந்து பால சாகித்ய புரஸ்கார்னு சிறுவர் இலக்கியத்துக்கே தனி விருது குடுக்குது. கீழடிய வச்சு உதயசங்கர் எழுதுன ஆதனின் பொம்மைக்கு 2023ல கெடச்சிது, விஷ்ணுபுரம் சரவணனோட ஒற்றைச் சிறகு ஓவியாவுக்கு 2025ல. இதெல்லாம் நம்ம ஏழாம் கிளாஸ் புள்ளைக்குனே எழுதுனது. நம்மள்ல எத்தன பேரு கையில எடுத்து பாத்துருக்கோம்? தமிழ் டீச்சரா இருந்துகிட்டு 2023 வரைக்கும் நான் ஒன்னு கூட படிச்சதில்ல. காலேஜ்ல படிச்ச இலக்கிய வரலாறு மட்டும் தலகீழா சொல்லுவேன்.

படிக்குறப்ப ஒரு நூறு பக்க நோட்டு போட்டு எழுதி வச்சேன். விமர்சனம்லாம் எழுதல. ஒரு புத்தகத்துக்கு நாலு வரி. எந்த புள்ளைக்கு இது சரியா இருக்கும், எந்த பக்கத்துல தொய்யுது, எந்த வார்த்தையில தடுக்கும், கிளாஸ்ல நான் சத்தமா படிச்சு காட்டுனா எந்த இடத்துல நிறுத்தணும். அவ்வளவுதான். இந்த கடைசி விஷயம் ரொம்ப முக்கியம்னு போக போகதான் தெரிஞ்சுது. கதை சூடு புடிக்குற இடத்துல நிறுத்திட்டு புத்தகத்த டெஸ்க் மேல வச்சிட்டு போயிட்டா போதும், அடுத்த பீரியடுக்குள்ள அத யாராச்சும் எடுத்துருப்பாங்க. எந்த எடம்னு தெரியணும்னா நீங்க முன்னாடியே படிச்சிருக்கணும், வேற வழியே இல்ல.

நோட்டுல அடிக்கடி எழுதுன இன்னொரு வரி, கடைசில நீதி சொல்லுது, வேண்டாம். பதினோரு பன்னெண்டு வயசு புள்ளைக்கு நீதி வர்ற வாசம் ரெண்டு பக்கம் முன்னாடியே தெரிஞ்சிடும், புத்தகத்த மூடிடும். நம்ம பீரோவுல அந்த மாதிரி புத்தகம் பாதிக்கு மேல இருக்கு, அதையே தூக்கி தூக்கி குடுத்துட்டு புள்ளைங்க படிக்க மாட்டேங்குதுனு சொல்லிகிட்டு இருந்தோம், நானும் சொல்லிருக்கேன், ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து செல்போன் வந்து கெடுத்துருச்சுனு எத்தன தடவ சொல்லிருப்பேன்.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயம். நம்ம கிளாஸ்ல ஏழாவதுல உக்காந்துகிட்டு ரெண்டாவது புத்தகத்த எழுத்து கூட்டி படிக்குற புள்ளைங்க இருக்கு, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அரசு ஸ்கூல் புள்ளைங்களுக்குனு கொண்டு வந்த வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறனு லேசானதுலேர்ந்து நாலு படி போட்டு சின்ன சின்ன புத்தகமா குடுத்தாங்க, அந்த யோசனை எனக்கு ரொம்ப புடிச்சிது, மனசார சொல்றேன். ஆனா பன்னெண்டு வயசு பையனுக்கு நுழைனு போட்ட புத்தகத்த எல்லார் முன்னாடியும் குடுத்தா அவன் என்ன ஆவான்னு நான் கண்ணால பாத்தேன். அட்டைய உள்பக்கமா மடிச்சு கணக்கு நோட்டுக்குள்ள வச்சுகிட்டான். பக்கத்துல உள்ளவன் ஓடு வச்சிருக்கான், இவனுக்கு நுழை. அன்னைக்கு பூரா நிமிந்தே பாக்கல.

அவனுக்கு என்ன வேணும்? வார்த்த சின்னதா இருக்கணும், வரி சின்னதா இருக்கணும், ஆனா கதை பன்னெண்டு வயசு பையனோட கதையா இருக்கணும். சண்ட, வெக்கம், அப்பா மேல கோவம், சைக்கிள், வேல தேடி திருப்பூர் போன அண்ணன், இப்படி. குருவியும் முயலும் பேசுறது அவனுக்கு ஆகாது. இந்த மாதிரி புத்தகம் எதுனு எந்த பட்டியல்லயும் போட்டுருக்க மாட்டாங்க, பக்கத்த எண்ணி கண்டுபுடிக்கவும் முடியாது, ஒல்லியா இருக்குற எல்லாமே லேசானதும் இல்ல. உக்காந்து படிச்சு பாத்தாதான் தெரியும். என் இருபத்திமூணுல அப்படி மூணே மூணுதான் தேறிச்சு. அந்த மூணையும் தனியா எடுத்து வச்சேன், கிளாஸ்ல நல்லா படிக்குற ஒரு பொண்ணுகிட்ட முதல்ல குடுத்து நல்லாருக்குனு அவ வாயால சொல்ல வச்சேன், அப்பறம் அவன் டெஸ்க் பக்கமா வச்சேன். எடுத்தான். ரெண்டு வாரம் வச்சிருந்தான். திருப்பி குடுக்குறப்ப நான் எப்படி இருந்துச்சுனு கேக்கல, அந்த பையன் சைக்கிள வித்தது சரியாடானு கேட்டேன். வித்துருக்க கூடாது டீச்சர், அடகு வச்சிருக்கணும்னான். அடகு! எனக்கு தோணவே இல்ல அது. அவங்க அம்மா ஆடி மாசம் தோட வச்சு ஆவணியில மீட்டது அவனுக்கு தெரியும், அதுலேர்ந்து சொல்றான். அஞ்சாம் கிளாஸ்லேர்ந்து அவன் ஒரு கேள்விக்கு முழு வாக்கியமா பதில் சொன்னத நான் பாத்ததில்ல.

இன்னொரு புத்தகத்த பத்தி சொல்லியாகணும். எஸ். பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2020ல பால சாகித்ய புரஸ்கார் வாங்குனது. குழந்தைங்க மேல நடக்குற பாலியல் தொல்லைய பத்தி, புள்ளைங்க படிக்குற மாதிரியே எழுதுனது. பேரையும் அட்டையையும் பாத்துட்டு பொம்மை கதைனு அஞ்சாவது புள்ளைகிட்ட நான் நீட்டிருப்பேன், நீட்டுறதுல தப்பில்ல, ஆனா படிச்சிட்டு அந்த புள்ள வந்து ஏதாச்சும் சொன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கு தெரிஞ்சிருக்கணும்ல. லீவுல படிச்சதால யோசிக்க நேரம் கெடச்சிது. 1098ங்குற குழந்தைங்க உதவி நம்பர போர்டு ஓரத்துல பெருசா எழுதி போட்டேன், போக்சோ சட்டத்துல நமக்கு என்ன கடமைனு படிச்சேன், தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நம்ம மேலயே கேசு வரும்னு அப்பதான் எனக்கு தெளிவாச்சு. அப்பறம்தான் கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா படிச்சேன். மூணாவது நாள் மணி அடிச்சும் ஒரு பொண்ணு போகல, பைய மாட்டிகிட்டு வாசப்படில நின்னுச்சு. அதுக்கு மேல இங்க எழுத மாட்டேன், அது அவளோடது. செய்ய வேண்டியத செஞ்சோம், அந்த புள்ள இப்ப நல்லா இருக்கு. நான் படிக்காம குடுத்திருந்தா அன்னைக்கு அவ எதுக்கு நிக்குறானு புரியாம ஏம்மா வீட்டுக்கு போகலயானு கேட்டு அனுப்பிருப்பேன். இத நெனச்சா இப்பவும் வயித்த பெசையுது.

சில பேர் சொல்லுவீங்க, லீவுலயுமா டீச்சர்னு. நியாயம்தான். லீவுனு பேரு, தேர்தல் வந்தா தேர்தல் வேல, இல்லாட்டி கணக்கெடுப்பு, மாறுதல் கலந்தாய்வு, அட்மிஷனுக்கு வீடு வீடா போறது, வீட்ல கல்யாணம் காதுகுத்து. எனக்கும் எல்லாம் உண்டு, அந்த வருஷம் என் மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன், ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து நாலு புத்தகம் படிச்சேன். ஒரு புத்தகம் ஒரு மணி நேரம், மிஞ்சி போனா ரெண்டு. பத்து புத்தகத்துக்கு பதினஞ்சு மணி நேரம் வச்சுக்கங்க. கத்திரி வெயில்ல மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் வெளிய தல காட்ட முடியாது, அந்த நேரந்தான் நான் எடுத்துகிட்டது. இன்னொன்னும் சொல்லணும், இது பாரமா இல்ல. கைடும் வினாவங்கியும் பாத்து பாத்து மரத்து போன கண்ணுக்கு ஒரு நல்ல சிறுவர் நாவல் என்ன செய்யும்னு படிச்சாதான் தெரியும், ரெண்டு எடத்துல நான் அழுதேன், அழுதுட்டு யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு, சொல்ல ஆள் இல்ல, ஜூன் மாசம் எப்ப வரும்னு ஆயிடுச்சு. ஸ்கூல் எப்ப தெறக்கும்னு நான் காத்துகிட்டு இருந்தது சர்வீஸ்லயே அந்த வருஷந்தான்.

தலைமை ஆசிரியர்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள். சாவிய குடுங்க. நான் முன்னாடி வேல பாத்த ஒரு ஸ்கூல்ல பீரோ சாவி ஹெச்எம் கைப்பையிலயே இருக்கும், ஆடிட் வந்தா ஒரு புத்தகம் கொறஞ்சாலும் என் சம்பளத்துல புடிப்பாங்கனு அவங்களுக்கு பயம், அந்த பயத்துல மூணு வருஷம் பீரோ தெறக்கவே இல்ல, கடைசில தெறந்தப்ப ராமபாணப்பூச்சி அரிச்சு அட்டை அட்டையா நின்னுச்சு. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல மட்டும் எல்லா புத்தகமும் பத்திரமா இருந்துச்சு. அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, பயப்பட வச்சது யாருனு யோசிக்கணும். அதனால மேல இருக்குற அதிகாரிங்க யாராச்சும் இத படிச்சா ஒன்னே ஒன்னு கேக்குறேன். புள்ள கையில போயி கிழிஞ்ச புத்தகத்துக்கும் காணாம போன புத்தகத்துக்கும் டீச்சர்கிட்ட விளக்கம் கேக்க மாட்டோம்னு எழுத்துல சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். முக்கியமா, லீவுல டீச்சருங்க பத்து புத்தகம் படிக்கணும்னு சர்குலர் போட்டு, படிச்சத போட்டோ எடுத்து எமிஸ்ல (பள்ளிக்கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல) ஏத்துங்கனு மட்டும் சொல்லிடாதீங்க. அத செஞ்சா பத்து அட்டைய வரிசையா வச்சு போட்டோ எடுப்போம், எங்க புள்ளைங்க கையெழுத்து போட்ட மாதிரியே நாங்களும் போட்ருவோம்.

லீவுல புள்ளைங்க கையில புத்தகம் குடுத்து அனுப்பவும் பயப்படாதீங்க. போன வருஷம் ஏப்ரல் கடைசில நான் பன்னெண்டு புள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு புத்தகம் குடுத்து விட்டேன். எல்லாம் நான் படிச்சது, யாருக்கு எதுனு நோட்டுல பாத்து பாத்து பிரிச்சது. எங்க ஊர்ல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், அப்பாங்க வீட்ல இருப்பாங்க, கரையில பந்தல் போட்டு உக்காந்து வலைய சரி பண்ணிகிட்டு இருப்பாங்க. புள்ளைங்களுக்கும் லீவு. வருஷத்துல அப்பாவும் புள்ளையும் பகல்ல ஒன்னா இருக்குறது அந்த ஒன்னர மாசந்தான். ஆறாவது பையன் ஒருத்தன் புத்தகத்த பந்தலுக்கு கொண்டு போயி அப்பாவுக்கு வாசிச்சு காட்டிருக்கான், பக்கத்துல வலை முடியுற நாலு பேரு காது குடுத்துருக்காங்க, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்னு ஓடிருக்கு. கதையில வர்ற படகு போற எடத்த எழுதுனவரு தப்பா எழுதிட்டாருனு ஒருத்தரு சொன்னாராம், வாடைக்காத்து அடிக்குறப்ப அந்த பக்கம் போகவே முடியாதுனு. ஜூன்ல புத்தகம் திரும்பி வந்துச்சு. டீசல் கறை, உப்பு பூத்து அட்டை வளைஞ்சு போச்சு, உள்ள அடையாளத்துக்கு ஒரு துண்டு நைலான் நரம்பு. அந்த நரம்ப நான் எடுக்கல, இப்பவும் அதே பக்கத்துல இருக்கு. பன்னெண்டு புள்ளைங்க, இருபத்திநாலு புத்தகம், ஒன்னே ஒன்னு வரல. அத ஒரு புள்ள அவங்க அக்காகிட்ட குடுத்துருச்சாம், அக்காவ கட்டி குடுத்த ஊர் காரைக்கால். போகட்டும்னு ரெஜிஸ்டர்ல அப்படியே எழுதி வச்சிருக்கேன்.

நம்ம ஊர்ல இதெல்லாம் புதுசு இல்ல. இந்திய நூலகத்துறைக்கே தந்தைனு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1892ல பொறந்தது எங்க சீர்காழியில. அவரு முதல்ல கணக்கு வாத்தியார், 1924லதான் மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்தாரு. 1931ல அவரு அஞ்சு விதி எழுதுனாரு, அதுல ரெண்டு எனக்கு மனப்பாடம், வாசகர் ஒவ்வொருத்தருக்கும் அவரோட புத்தகம், புத்தகம் ஒவ்வொன்னுக்கும் அதோட வாசகர். அதே 1931லதான் மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்திகிட்டு ஊர் ஊரா போனாங்க. ரோடு இல்லாத காலத்துல வண்டி கட்டிகிட்டு போயி குடுத்துருக்காங்க, நாம பீரோவுலேர்ந்து டெஸ்க்குக்கு கொண்டு வரணும், அவ்ளோதான் தூரம். ஆனா அந்த ரெண்டு விதிக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும், இந்த புள்ளையையும் தெரிஞ்ச, இந்த புத்தகத்தையும் தெரிஞ்ச ஒரு ஆள். புள்ளைய நமக்கு தெரியும். வருஷம் பூரா அதுங்க மூஞ்சியதான் பாத்துகிட்டு இருக்கோம், எவன் வீட்ல சண்ட, எவ சாப்புடாம வந்துருக்கா, எல்லாம் தெரியும். புத்தகந்தான் தெரியல.

புத்தகத்துக்கு எங்க போறதுன்னா முதல்ல உங்க பீரோ, அதுலேயே அஞ்சாறு தேறும், நெஜமா. அப்பறம் ஊர்ல இருக்குற கிளை நூலகம். வீட்டு வரி கட்டுறப்ப அதோட நூலக வரியும் சேத்துதான் கட்டுறோம், அது நம்ம காசு, உள்ள போயி சிறுவர் பகுதி எங்கனு கேளுங்க, பல எடத்துல மூலையில ஒரு அலமாரி இருக்கும், தூசி தட்டி எடுங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தக திருவிழா நடக்குது, நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டாலும் சிறுவர் பதிப்பகங்க ஸ்டாலும் கண்டிப்பா இருக்கும். செல்லுல படிக்க முடியும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ் கதை காசில்லாம கெடைக்குது, ஆனா அதுல பாதிக்கு மேல சின்ன புள்ளைங்களுக்கானது, தேடி எடுக்கணும். ஸ்கூலுக்கு வர்ற தேன்சிட்டு பழைய இதழ்கள கூட சேத்து வைங்க, நீளமா படிக்க பயப்படுற புள்ளைக்கு அது நல்ல ஆரம்பம்.

படிக்குறப்ப ஒரு புள்ளையோட மூஞ்சிய மனசுல வச்சுகிட்டு படிங்க, அது ஒன்னுதான் நான் சொல்ற வழி. பொதுவா நல்ல புத்தகமானு பாக்காதீங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துருக்குற அந்த ஒரு பொண்ணுக்கு இது ஆகுமா, அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு போயிட்டு பாட்டிகிட்ட வளர்றானே அவனுக்கு இது ஆகுமானு பாருங்க. உங்களுக்கு போர் அடிச்ச புத்தகத்தையும் தூக்கி போட வேணாம், பேய் கதை எனக்கு சுத்தமா ஆகாது, ஆனா எட்டாவது பசங்க மூணு பேருக்கு அத விட்டா வேற ஒன்னும் ஆகாது, மூக்க புடிச்சுகிட்டு படிச்சு வச்சிருக்கேன்.

இந்த வருஷத்துக்கு பன்னெண்டு எடுத்து வச்சிருக்கேன். அதுல ரெண்ட யாருக்குனு இன்னும் தெரியல, ஆறாவதுக்கு புதுசா வர்ற புள்ளைங்கள பாத்துட்டு முடிவு பண்ணணும். நீங்க படிச்சதுல எது எந்த மாதிரி புள்ளைக்கு சரியா வந்துச்சுனு ஒரே ஒரு வரி எழுதி வைங்க. ஜூன்ல ஸ்கூல் தெறந்து முதல் சிஆர்சி கூட்டத்துக்கு (பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் கூடுற குறுவள மைய கூட்டம்) என் நோட்ட ஜெராக்ஸ் போட்டு கொண்டு வர்றேன், நீங்களும் உங்களோடத கொண்டு வாங்க, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பாத்துக்கலாம். வார்த்த லேசா இருக்கணும் கதை பன்னெண்டு வயசா இருக்கணும்னு சொன்னேன்ல, அந்த மாதிரி ஒன்னு கண்ணுல பட்டா மட்டும் ஜூன் வரைக்கும் வச்சுக்காதீங்க, அன்னைக்கே சொல்லுங்க, என்கிட்ட இன்னும் மூணுதான் இருக்கு, புள்ளைங்க ஏழு பேரு.

அன்போட,
ஏழாம் கிளாஸ் தமிழ் டீச்சர்,
சீர்காழி பக்கத்துலேர்ந்து